முள்ளோடைக்கு இப்புறம் 16, அப்புறம் 176

2024 நவம்பர் 6, புதன்கிழமை. அரியாங்குப்பத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பென்சில்வேனியா டிரம்ப் பக்கம் போய்விட்டது என்று திரையின் அடியில் எழுத்துகள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் நியூ ஜெர்சியிலிருந்து தங்கை அழைத்தாள். அங்கே அப்போது விடியற்காலை மூன்று மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தோழி வீட்டு அரிசிப் பையைப் பற்றிப் பேசினாள்.

தோழி திருப்பாதிரிப்புலியூர்க்காரி. டெலவேர் ஆற்றுக்கு மறுகரையில், பென்சில்வேனியாவில் குடியிருக்கிறாள். தங்கை வீட்டிலிருந்து காரில் போனால் அரை மணி நேரம் ஆகாது. செப்டம்பர் மாதம் தொடங்கித் தபால் பெட்டிக்கு வந்த பிரசார அட்டைகளை எறிய மனமில்லாமல், பொன்னி அரிசி வாங்கிய காலிப் பை ஒன்றில் அவள் போட்டு வைத்திருக்கிறாள். தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்தப் பை நிறைந்து, வாயைக் கட்ட முடியாமல் நின்றதாம். கதவைத் தட்டி வாக்குக் கேட்டவர்கள் இரண்டு கட்சியிலுமாகப் பதினான்கு முறை வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் தமிழிலேயே வணக்கம் சொல்லியிருக்கிறார். ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கும் தங்கையின் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. "எனக்கும் ஓட்டு இருக்கிறது அண்ணா. ஆனால் அது யாருக்கும் வேண்டியதில்லை" என்றாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவள் அவள். யாருக்கு வாக்களித்தாள் என்பது இந்தப் பதிவுக்குத் தேவையற்றது.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது இன்று நம் ஊர் டீக்கடை வரைக்கும் தெரிந்த செய்திதான். மொத்தம் 538 தேர்வாளர்கள் இருக்கிறார்கள். பிரதிநிதிகள் சபையின் 435, செனட்டின் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3 என்று அந்த எண்ணிக்கை அமைகிறது. 270 பெற்றவர் தலைவர். எலெக்டோரல் காலேஜ் என்ற பெயரைக் கேட்டு என் அம்மா ஒருமுறை "அதில் என்ன படிப்பு?" என்று கேட்டதை நாங்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பதுண்டு. தமிழில் தேர்வாளர் குழு என்றால் இந்தக் குழப்பம் வராது. இந்தக் குழுவை எடுத்துவிட்டு, நாடு முழுவதும் விழுந்த வாக்குகளைக் கூட்டி, அதிகம் பெற்றவரையே தலைவராக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே வெகுகாலமாக இருந்துவருகிறது. தங்கையின் அழைப்புக்குப் பிறகு சில மாதங்களாக அந்தக் கோரிக்கையையே நான் படித்துக்கொண்டும் கணக்குப் போட்டுக்கொண்டும் இருந்தேன். புதுச்சேரியில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள் உண்டோ, ஏறக்குறைய அத்தனையும் எங்கள் ஊரின் வழியாகப் போயிருக்கின்றன.

முதலில் நம் நாட்டுக் கணக்கு. அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் கன்னியக்கோயில் தாண்டி முள்ளோடையில் புதுச்சேரி முடிகிறது. பெட்ரோல் பங்குகளும் மதுக்கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்த எல்லையைக் கடந்தால் கடலூர் மாவட்டம். எங்கள் பெரியம்மா வீடு அந்தப் பக்கம், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. 2022இல் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தபோது, பெரியம்மா தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு மதிப்பு 176. எங்கள் தொகுதி உறுப்பினரின் வாக்குக்கு மதிப்பு 16. பெரியப்பா மகன் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்தான். "உங்க ஆள் பதினோரு பேர் சேர்ந்தால்தான் எங்க ஆள் ஒருத்தர்" என்றான். கேட்பதற்கு அநியாயமாகத்தான் தோன்றும். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதற்கு நேர்மாறு.

1971 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர். அதை 234 உறுப்பினர்களால் வகுத்து, மேலும் ஆயிரத்தால் வகுத்தால் 176 வருகிறது. புதுச்சேரியில் அப்போது 4,71,707 பேர். முப்பது உறுப்பினர்களால் வகுத்து ஆயிரத்தால் வகுத்தால் பதினைந்தே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வந்து, 16 என்று முழுமையாகிறது. அதாவது எங்கள் உறுப்பினருக்கு மதிப்புக் குறைவதற்குக் காரணம், அவர் பின்னால் நிற்கும் மக்கள் குறைவு என்பது மட்டுமே. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு வாக்கு என்ற அளவே நிற்கிறது. அரசியல் சாசனத்தின் 55ஆவது பிரிவை எழுதியவர்கள் பிரதிநிதித்துவத்தின் அளவுகோல் மாநிலத்துக்கு மாநிலம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லி, அதற்கேற்ற வகுத்தல் கணக்கையும் அந்தப் பிரிவிலேயே வைத்தார்கள். அந்தக் கணக்கு 1971இலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது வேறு விவாதம். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த தென் மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. புதுச்சேரி உறுப்பினர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்ததே 1992ஆம் ஆண்டின் 70ஆவது திருத்தத்தால்தான். அதற்கு முன்னால் 16 கூட இல்லை. வாஷிங்டன் நகரவாசிகளுக்கு 1961இல் 23ஆவது திருத்தம் வந்த பிறகே மூன்று தேர்வாளர்கள் கிடைத்த கதையைப் படித்தபோது, ஒன்றியப் பிரதேசத்துக்காரன் என்ற முறையில் எனக்கு அவர்களோடு ஓர் உறவு தோன்றியது.

அமெரிக்கக் கணக்கில் இந்த ஒரே அளவுகோல் கிடையாது. வயோமிங்கில் 2020 கணக்கெடுப்பின்படி 5,76,851 பேர், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர், தேர்வாளர்கள் 54. வயோமிங்கில் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு ஒரு தேர்வாளர் என்றால் கலிபோர்னியாவில் 7,32,000 பேருக்கு ஒருவர். ஒரு வயோமிங்காரரின் எடைக்கு ஏறக்குறைய நான்கு கலிபோர்னியாக்காரர்களைத் தராசில் வைக்க வேண்டியிருக்கிறது. மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள் என்ற விதி இங்கேயும் வந்து சேர்ந்துகொள்வதால் வரும் விளைவு இது.

இந்த இடத்தில் பெரும்பாலான கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. சிறிய மாநிலங்களுக்கு அதிக எடை கொடுத்ததே குற்றம் என்று முடித்துவிடுகின்றன. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு மாலைப்பொழுதில் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நாடு முழுவதும் குறைந்த வாக்குப் பெற்றவர் தலைவரான அண்மைக் காலத் தேர்தல்கள் இரண்டிலும், மாநிலத்துக்கு இரண்டு என்ற அந்தச் சலுகையைக் கழித்துப் பார்த்தேன். 2000இல் அல் கோர் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் வாக்குகளுக்கு மேல் முன்னணியில் இருந்தார். தேர்வாளர் குழுவில் புஷ் 271, கோர் 267. முப்பது மாநிலங்களை வென்ற புஷ்ஷிடமிருந்து அறுபதையும், இருபது மாநிலங்களோடு தலைநகரையும் வென்ற கோரிடமிருந்து நாற்பத்திரண்டையும் கழித்தால் புஷ் 211, கோர் 225. முடிவு தலைகீழாகிறது. சரி, குற்றவாளி பிடிபட்டான் என்று நினைத்துக்கொண்டு 2016க்கு வந்தேன். ஹிலாரி கிளின்டன் இருபத்தெட்டு லட்சம் வாக்குகளுக்கு மேல் முன்னணியில் இருந்தும், மாநில முடிவுகளின்படி டிரம்ப்புக்கு 306, அவருக்கு 232. அதே கழித்தலைச் செய்தால் டிரம்ப் 246, கிளின்டன் 190. சலுகையை எடுத்த பிறகும் டிரம்ப்பே வெல்கிறார்.

ஆகவே சிறிய மாநிலங்களின் எடை மட்டுமே குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்விடுகிறார்கள் என்ற வழக்கம்தான் பெரிய குற்றவாளி. இந்த வழக்கம் அமெரிக்க அரசியல் சாசனத்தில் எங்கும் எழுதப்படவில்லை. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்துகொள்ளலாம் என்றுதான் அது சொல்கிறது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், தங்கள் மண்ணின் மைந்தரான ஜெஃபர்சனுக்கு ஒரு தேர்வாளர்கூடச் சிந்திவிடக் கூடாது என்று வர்ஜீனியா இந்த முறைக்கு மாறியது. அடுத்த கட்சி ஆளும் மாநிலங்கள் சும்மா இருக்குமா? ஒன்றைப் பார்த்து ஒன்றாக மாறி, இன்று மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர எல்லா மாநிலங்களிலும் அதுவே நடைமுறை.

இதன் விளைவு என்னவென்றால், 2024இல் கலிபோர்னியாவில் டிரம்ப்புக்கு விழுந்த அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் ஒரு தேர்வாளரையும் தரவில்லை. டெக்சாஸில் கமலா ஹாரிசுக்கு விழுந்த நாற்பத்தெட்டு லட்சம் வாக்குகளும் அப்படியே போயின. திருவாரூர் மாவட்டத்தில் அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் பதாகை வைத்துப் பூசை செய்தவர்களுக்கு இந்த டெக்சாஸ் கணக்கை யாராவது சொன்னார்களா தெரியவில்லை. வெல்வது உறுதியான மாநிலத்தில் வேட்பாளர் காலடி வைக்க வேண்டியதில்லை. தோற்பது உறுதியான மாநிலத்திலும் வைக்க வேண்டியதில்லை. மிச்சம் இருப்பவை ஊசலாடும் ஏழு மாநிலங்கள். பென்சில்வேனியாவுக்கு 19 தேர்வாளர்கள், அது ஊசலாடும் மாநிலம். ஆகவே தோழியின் அரிசிப் பை நிறைந்தது. நியூ ஜெர்சிக்கு 14 தேர்வாளர்கள், அது 1992 முதல் ஒரே கட்சிக்குத்தான். ஆகவே தங்கையின் தபால் பெட்டியில் மின்கட்டண ரசீது மட்டும் கிடந்தது. ஆற்றைக் கடந்தால் மனிதரின் விலை மாறுகிறது. முள்ளோடையைக் கடந்தால் மாறுவது பெட்ரோல் விலைதான்.

சிறிய மாநிலங்களைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று வாதிடுபவர்களுக்குச் சிறிய பிரதேசத்துக்காரனாகவே பதில் சொல்கிறேன். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். அந்தத் தொகுதி நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது: புதுச்சேரி, காரைக்கால், கேரளத்தின் நடுவே மாஹே, எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் கோதாவரிக் கரையில் ஏனாம். சட்டமன்றத்தின் முப்பது தொகுதிகளில் மாஹேவுக்கும் ஏனாமுக்கும் ஆளுக்கு ஒன்றே ஒன்று. ஆயினும் ஒவ்வொரு மக்களவைத் தேர்தலிலும் வேட்பாளர்கள் மாஹே போய் மலையாளத்தில் இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். ஏனாம் போய்த் தெலுங்கில் கும்பிடு போடுகிறார்கள். அங்கே விழும் வாக்கும் இங்கே விழும் வாக்கும் ஒரே மொத்தத்தில் சேர்வதால்தான் இந்தப் பயணம். ஒவ்வொரு துண்டிலும் முந்தியவருக்கு அந்தத் துண்டு முழுவதும் சொந்தம் என்று விதி வைத்துப் பாருங்கள். மாஹே ஒரு கட்சிக்கு உறுதி என்று தெரிந்த நாளிலிருந்து அந்த ஊரின் பெயர் எந்தப் பிரசாரக் கூட்டத்திலும் கேட்காது. வயோமிங்குக்கு நடந்திருப்பது அதுதான். நான்கு மடங்கு எடை இருந்தும் வயோமிங்குக்கு யாரும் போவதில்லை. பெரிய நகரங்களே நாட்டை விழுங்கிவிடும் என்ற அச்சமும் கணக்குக்கு நிற்கவில்லை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலீஸ், சிகாகோ மூன்றையும் கூட்டினால் ஒன்றரைக் கோடிப் பேர். நாட்டின் மக்கள்தொகை முப்பத்து மூன்று கோடிக்கு மேல்.

தேர்வாளர் குழுவைத் தூக்கியெறிந்த நாடு ஒன்று உண்டு. அதன் குடிமகன் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று பொருள். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாதத்துக்குள் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்ற வாய்ப்பை அவருடைய அப்பா பயன்படுத்திக்கொண்டார். அதே 1962 அக்டோபர் 28 அன்று பிரான்சில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1958 டிசம்பரில், தெ கோலைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் நகர, கிராம மன்றங்களின் பிரதிநிதிகளுமாக எண்பதாயிரம் பேர் கொண்ட ஒரு தேர்வாளர் குழுவினர். அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நாடாளுமன்றம் கொதித்தது, அரசைக் கவிழ்த்தது. வாக்களித்த மக்களில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் சம்மதம் என்றார்கள்.

நாடாளுமன்றம் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. 1848 டிசம்பரில் பிரெஞ்சு மக்கள் முதன்முதலாக நேரடி வாக்கில் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த லூயி நெப்போலியன் மூன்றே ஆண்டில் குடியரசைக் கவிழ்த்து, பிறகு பேரரசராக முடிசூடிக்கொண்டார். நேரடி வாக்கு என்றாலே அந்த நினைவு வரும். நூறாண்டுக்கு மேல் அவர்கள் அந்தப் பக்கமே போகாததற்கு இதுதான் காரணம். மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் நலமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போகக் கூடாது.

1965 டிசம்பரில் அந்தப் புதிய முறையில் நடந்த முதல் தேர்தலில் முசே வாக்களித்தார். இருபத்திரண்டு வயது, தெற்குப் பிரான்சில் படைமுகாம். முதல் சுற்றில் தெ கோலுக்கே பாதி வாக்கு கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மித்தெரானோடு மீண்டும் மோதித்தான் வென்றார். "யாருக்குப் போட்டீர்கள்?" என்று நான் கேட்காத ஆண்டு இல்லை. "சீட்டு உறைக்குள்ளே போயிடுச்சு தம்பி" என்பதே பதில். 2022 ஏப்ரலில் இங்கே வாக்களித்துவிட்டு வந்தபோது மட்டும் மேசை இழுப்பறையைத் திறந்து சில சீட்டுகளைக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைத் தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வேட்பாளரின் பெயர் மட்டும் கறுப்பில். படம் இல்லை, சின்னம் இல்லை. வேட்பாளர்களின் சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், விரும்பியவருடையதை உறையில் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இட வேண்டும். அலுவலர் "ஆ வொத்தே" என்று உரக்கச் சொல்வார், வாக்களித்தாயிற்று என்று பொருள். விரலில் மை கிடையாது, பதிவேட்டில் கையெழுத்து. அந்தத் தேர்தலின் முதல் சுற்றில் பன்னிரண்டு பேர் போட்டியிட்டார்கள். இழுப்பறையில் பதினொரு சீட்டுகள் இருந்தன. எது இல்லை என்று தேடுவது பெரிய வேலையல்ல. ஆனால் ஆறு பத்தாண்டுகளாக ஒரு மனிதர் காப்பாற்றிவரும் ரகசியத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தேர்தலில் அரியாங்குப்பத்து முசேயின் வாக்கும் பாரிஸ் நகரத்தவர் வாக்கும் ஒரே மொத்தத்தில் ஒன்றாகவே எண்ணப்பட்டன. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எங்கள் ஊரின் தலையெழுத்தையே ஒரு தேர்வாளர் குழுதான் எழுதியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் 1949 ஜூனில் மக்களே நேராக வாக்களித்தார்கள். 7,463க்கு 114 என்று இணைவுக்கு ஆதரவு. எங்களுக்கும் அப்படி ஒரு வாக்கெடுப்பு வரும் என்று பேச்சு இருந்தது, வரவில்லை. இணைவில் எனக்கு ஒரு துளியும் மனக்குறை இல்லை. மக்களிடம் கேட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் கீழூர் நினைவிடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் தாத்தாவுக்கு ஒரு பொருமல் உண்டு. "எங்கிட்ட கேக்கவே இல்லையே" என்பார். கேட்டிருந்தால் இணைய வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்; அது வேறு, கேட்பது வேறு என்பது அவர் எண்ணம்.

அப்படியானால் நம் குடியரசுத் தலைவரையும் மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று பெரியப்பா மகன் மடக்கினான். வேண்டாம் என்பதே என் முடிவு. நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். தொண்ணூறு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களிடம் நேராக வாக்குக் கேட்டு வென்ற ஒருவர் அந்த மாளிகையில் பேசாமல் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே உறைக்குள் இரண்டு வாளாகிவிடும். அமெரிக்கத் தலைவரோ தாமே படைத்தலைவர், தாமே அமைச்சரவைக்கு முதலாளி, சட்டத்தை மறுத்து அனுப்புபவர். அதிகாரம் முழுவதும் அவர் கையில் இருக்கும்போது, அந்த அதிகாரத்தைக் கொடுப்பவர்களின் தலையை ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் ஆக வேண்டும். தேர்வாளர் குழு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. அது எந்த நாற்காலிக்கு ஆள் தேடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மாற்றுவதற்கு முயற்சி நடக்காமல் இல்லை. 1968இல் இனப்பாகுபாட்டை ஆதரித்து நின்ற ஜார்ஜ் வாலஸ் 46 தேர்வாளர்களைப் பெற்று இரண்டு பெரிய கட்சிகளையும் கலங்கடித்த பிறகு, நேரடி வாக்குக்கான திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 1969 செப்டம்பரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான பெரும்பான்மையில் நிறைவேற்றியது. நிக்சனே ஆதரித்தார். செனட்டில் தென் மாநில உறுப்பினர்களும் சிறிய மாநில உறுப்பினர்களும் பேசிப் பேசியே அதைக் கொன்றார்கள். அந்தத் திருத்தத்தில், முந்தியவரே நாற்பது விழுக்காட்டுக்குக் குறைவாகப் பெற்றால் இரண்டாம் சுற்று என்ற நல்ல விதி ஒன்று இருந்தது. இப்போதைய முயற்சி வேறு மாதிரி. திருத்தம் என்றால் முப்பத்தெட்டு மாநிலங்கள் ஒப்ப வேண்டும், நடக்கிற காரியமில்லை. ஆகவே நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்களைத் தருவோம் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. 2007இல் மேரிலாந்து தொடங்கிவைத்தது. 2024இல் மெய்ன் சேர்ந்தபோது 209 தேர்வாளர்கள் ஆயிற்று. 270 சேர்ந்தால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும். அதில் சேர்ந்தவை பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி என்ற ஒரே கட்சியின் கோட்டைகள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 2004இல் ஓஹையோவில் அறுபதாயிரம் பேர் மனம் மாறியிருந்தால், நாடு முழுவதும் முப்பது லட்சம் வாக்குகள் பின்தங்கிய அதே கட்சியின் ஜான் கெர்ரி தலைவராகியிருப்பார். ஆகியிருந்தால் இன்று எந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று யோசிப்பதுண்டு.

ஒப்பந்தத்தில் இரண்டாம் சுற்று இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. நான்கைந்து பேர் நின்று வாக்குப் பிரிந்தால் நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கியவரும் தலைவராகிவிடலாம். இலங்கையில் இதற்கு விருப்பு வாக்கு, அதாவது வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் முறை, வைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாததால், முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்கவை அறிவித்தார்கள். நேரடி வாக்கில் சிறுபான்மையினர் நிலை என்ன ஆகும் என்பதற்கும் இலங்கையே பாடம். 2005இல் வடக்கில் தமிழர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்ற தேர்தலில் மகிந்த ராஜபக்ச ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்குகளில் வென்றார். அந்த வாக்குகள் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2019இலோ தமிழர்கள் திரளாக வாக்களித்தும், பெரும்பான்மையினரின் வாக்கை மட்டுமே நம்பிக் கோத்தபய வென்றார்.

என்னை உண்மையிலேயே தடுமாறவைத்த எதிர்வாதம் ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் நம் தேர்தல் ஆணையம் போல ஓர் அமைப்பு கிடையாது. வாக்காளர் பட்டியல், அடையாள அட்டை, தபால் வாக்குக்குக் கடைசி நாள், எண்ணும் முறை எல்லாம் மாநிலத்துக்கு ஒரு சட்டம், மாவட்டத்துக்கு ஒரு பழக்கம். 2000இல் ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்துக்காக ஒரு மாநிலத்தில் நடந்த மறு எண்ணிக்கை நாட்டையே ஐந்து வாரம் நிறுத்திவைத்தது. 1960இல் கென்னடிக்கும் நிக்சனுக்கும் நாடு முழுவதும் இருந்த வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம். ஏறத்தாழ ஏழு கோடி வாக்குகளில் அது ஒன்றுமில்லை. நேரடி வாக்கு முறையில் அப்படி ஒரு முடிவு வந்தால் ஒவ்வொரு பெட்டியையும் மீண்டும் திறக்க வேண்டியிருக்கும். வாக்குகளைக் கூட்டுவதற்கு முன்னால் அவற்றை ஒரே விதத்தில் எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும்; அந்த வேலையைத் தொடங்க எந்தக் கட்சிக்கும் ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் போன வாரம் தங்கையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். தோழி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறதாம், மாப்பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் பக்கம், வரியும் குறைவு. 2028க்குள் குடிபோய்விடலாம் என்றாள். அரிசிப் பை ஒன்றை எடுத்துவைக்கச் சொன்னேன்.